கடிகாரம் இருந்த கை

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். வைத்தவர்கள் புகழ்ச்சியாகத்தான் வைத்தார்கள். தைத்து முடிந்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக வருவது அவள் மேசைக்கு. காலர் முனை இரண்டும் ஒரே அளவா, பொத்தான் எல்லாம் ஒரே நிறமா, எங்காவது நூல் தொங்குகிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். ஒரு சட்டைக்கு இருபது வினாடி. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கோளாறு வெளியே போனதில்லை என்று மேலாளரே சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல்தான் வரும். கண் நன்றாக இருக்கிறது என்று இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய காலத்தில் ஒரு கூட்டமே சேர்ந்து அவளுக்குக் கண்ணே இல்லை என்றது.

அந்தக் கூட்டம் சினிமாக் கூட்டம். இருபத்து மூன்று வயதில் அவள் ஒரு படத்தில் வேலை செய்தாள் என்பதே அண்ணன் குடும்பத்துக்கு மறந்துபோயிருந்தது. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் மகள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மாடி அறைக்கு ஓடி வராமல் இருந்திருந்தால், அது மறந்ததாகவே போயிருக்கும்.

அண்ணன் மகளுக்கு இருபத்தாறு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகல் முழுக்க ரத்தத்தைப் பார்ப்பது போதாதென்று லீவு நாளில் ரவுடிப் படமாகத் தேடித் தேடிப் பார்ப்பாள். ‘பதினோரு படி’ என்று ஒரு பழைய கேங்ஸ்டர் படம் இருக்கிறதாம், வந்த காலத்தில் ஆறே நாளில் தூக்கிவிட்டார்களாம், இப்போது இணையத்தில் யாரோ போட்டு ஆளாளுக்கு அதைத்தான் பேசுகிறார்களாம். அத்தை பார்த்திருக்கிறாளா என்று கேட்டாள். அத்தை மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்டாள்.

பேசியது ஒரு கடிகாரத்தைப் பற்றி. அண்ணன் மகள் ஓடவிட்ட வீடியோவில் ஒருவன் பன்னிரண்டு நிமிஷம் மூச்சுவிடாமல் விளக்கினான். படம் முழுக்க ரவுடியின் இடது கையில் இருக்கும் கடிகாரம், கடைசிச் சாப்பாட்டுக் காட்சியில் மட்டும் வலது கையில் இருக்கிறது. என்ன ஒரு நுட்பம், என்ன ஒரு மேதைமை. நடுவில் படத்தின் டைரக்டரே வந்தார். தலை நரைத்து, தொப்பி போட்டு, கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார்.

“நான் திட்டம் போட்டுச் செஞ்சது அது. நண்பனைக் கொல்லணும்னு முடிவெடுத்த நிமிஷமே அவன் வேற ஆளு. அதான் வாட்ச்சைக் கை மாத்தினேன். முப்பது வருஷமா ஒருத்தரும் கண்டுபிடிக்கலையேன்னு எனக்கு வருத்தம்தான்.”

வயிறெரிந்தது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். அவளுக்கு உண்மையாகவே எரிந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அடுத்தவளுடைய தப்பைக்கூட அள்ளிப் போட்டுக்கொள்கிற ஆளை அன்றுதான் பார்த்தாள்.

ஆமாம், தப்புதான். அவளுடைய தப்பு. அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை.

அந்தப் படத்தில் அவள் பார்த்தது கன்டினியூட்டி வேலை. ஒரே காட்சியை இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி எடுப்பார்கள். நேற்று நடிகரின் தலை எந்தப் பக்கம் வகிடு, டம்ளரில் தண்ணீர் எவ்வளவு, மேல் பொத்தான் திறந்ததா மூடியதா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து மறுநாள் அப்படியே இருக்கச் செய்ய வேண்டும். அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: ஞாபகத்தை நம்பாதே, நோட்டை நம்பு. அவள் நம்பினாள்.

சாப்பாட்டுக் காட்சிக்கு முந்தின ஷாட் ஒரு குளியலறையில். ரவுடி முகம் கழுவித் தலை சீவுகிறான். ஆள் நுழைந்தால் திரும்ப இடமில்லாத அறை. கேமராவும் கேமராக்காரரும் போனதோடு அது நிரம்பிவிட்டது. அவள் வாசற்படியில் நின்று, கேமராக்காரரின் தோளுக்கு மேலே தெரிந்த கண்ணாடியைப் பார்த்து எழுதினாள். கண்ணாடிக்குள் ஒருவன் அவளை எதிரே பார்த்து நிற்கிறான், கடிகாரம் அவனுடைய வலது கையில். ‘வாட்ச் – வலது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். மறுநாள் சாப்பாட்டுக் காட்சி. ரவுடியாக நடித்தவர் நாடகக்காரர், பெரிய மனுஷர். இடது கையை நீட்டிக்கொண்டே, இதுலதானேம்மா என்று கேட்டார். அவளுக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. நோட்டைப் புரட்டினாள். வலது என்றிருந்தது. நோட்டில் இருந்தால் சரி என்று அந்த மனுஷர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கட்டிக்கொண்டார்.

தெரிந்தது எடிட்டிங் அறையில்தான். அதற்குள் செட்டைப் பிரித்தாகிவிட்டது, நாடகக்காரர் அடுத்த நாடகத்துக்காகத் தலையை மொட்டையடித்துவிட்டார். டைரக்டர் பத்துப் பேர் பார்க்க அவள் நோட்டைப் பிடுங்கித் தரை துடைக்கிற தண்ணீர் வாளிக்குள் போட்டார். அதோடு விட்டிருந்தால் அவள் அழுதுவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பாள். அவர் மூன்று கம்பெனிகளுக்குப் போன் போட்டார். “அந்தப் பொண்ணுக்கு வலது எது இடது எதுன்னே தெரியாது” என்றார். அது வேடிக்கையாகப் பரவிவிட்டது. அவள் வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம், உன் வலது கையைத் தூக்கு பார்ப்போம் என்று சிரித்தார்கள். ஒரு வருஷம் தூக்கிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். டைட்டிலில் இருந்து அவள் பெயரையும் வெட்டியிருந்தார்கள். சினிமா வேலை நேரம் ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொன்னாள். நல்லதாப் போச்சு என்றார் அண்ணன். அவர் மேல் இருக்கிற கோபமும் இன்னும் தீரவில்லை.

இத்தனைக்கும் படம் நல்ல படம். அதுதான் கொடுமை. கெட்ட படமாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஆறு நாளில் அவள் ஐந்து முறை தியேட்டருக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுக் காட்சி வந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவாள். அந்த மணிக்கட்டைப் பார்க்க முடியாது.

அண்ணன் மகளுக்கு அன்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கடிகாரம் போய்ப் படம் வந்தது. ஐஸ் கிடங்கு வைத்திருக்கும் ஒரு ரவுடி. துரத்தல் இல்லை, சவால் விடுகிற வசனம் இல்லை. அவனுடைய நண்பன் வீடு மாடியில், ஏறிப்போகப் பதினோரு மரப்படிகள். மூன்றாவது படிப் பலகை இற்றுப்போனது, தெரிந்தவர்கள் அதை மிதிக்காமல் தாண்டி ஏறுவார்கள். நண்பனின் மனைவி அடுப்படியில் இருந்தபடியே காலடியை எண்ணுவாள். பத்துச் சத்தம் கேட்டால் வேண்டியவர், பதினொன்று கேட்டால் வேற்றாள், கதவைத் திறக்க மாட்டாள். இதை வைத்தே ஒரு மணி நேரம் பார்க்கிறவனை நாற்காலி நுனியில் உட்கார வைத்திருப்பார்கள். கடைசியில் ரவுடி அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். படியில் காலடி. பத்துச் சத்தம். நம்ம ஆளுதான் என்று அவள் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள். கொல்ல வந்தவனுக்கு மூன்றாவது படியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவன், நண்பன் தட்டில் இருக்கும் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

துரோகத்தை இதற்கு மேல் ஒருவன் எப்படிக் காட்டுவான்? எழுதியவனைப் புகழலாம், அந்தப் படிச் சத்தத்தைப் பதிவு செய்தவனைப் புகழலாம், கதவைத் திறக்கப் போகிறவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு போகிற அழகைப் புகழலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, சோற்றில் கிடந்த கல்லைப் பொறுக்கி முத்து என்று கொண்டாடுகிறார்கள். இந்த ரசனைக்குப் பன்னிரண்டு நிமிஷ வீடியோ வேறு.

அண்ணன் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தையின் பெயர் அந்தப் படத்தில் வந்தே ஆக வேண்டும் என்றாள். அதற்கு வழியும் இருந்தது. ஒரு திரைப்படச் சங்கம் படத்தைச் சுத்தம் செய்து புதிய பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. டைட்டிலில் விடுபட்டவர்கள் எழுதினால் சேர்த்துக்கொள்வோம் என்று அறிவித்திருந்தார்கள். அண்ணன் மகள் அன்றே எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. டைரக்டரிடம் கேட்டார்களாம். கன்டினியூட்டி எல்லாம் தானே பார்த்துக்கொண்டதாகவும், அப்படி ஒரு பெண் அந்தப் படத்தில் வேலை செய்யவே இல்லை என்றும் சொல்லிவிட்டாராம். அவர் வாய்ச்சொல் இல்லாமல் சேர்க்க முடியாது, வருகிற ஞாயிறு திரையிடலோடு டைட்டில் பட்டியலை மூடிவிடுவார்கள், வருந்துகிறார்கள்.

முப்பது வருஷம் அவள் தப்பு செய்தவளாக இருந்தாள். இப்போது அதுவும் இல்லை, அவள் இல்லவே இல்லை. அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் அவள் மேசையிலிருந்து திரும்பிப் போன சட்டைகளுக்குக் கணக்கே இல்லை. தையல்காரர்கள் கழுகுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குத் திரையிடல். நூற்றிருபது நாற்காலி போட்ட சின்ன அரங்கம், ஒன்றுகூடக் காலியில்லை. வந்ததில் முக்கால்வாசி அண்ணன் மகள் வயதுக்காரர்கள். டைரக்டர் முதல் வரிசையில் இருந்தார். அவளும் அண்ணன் மகளும் நடுவரிசையில், சுவரோரம். படம் ஓடியது. சாப்பாட்டுக் காட்சி வந்ததும் அவள் பழக்கத்தில் எழுந்தாள். அண்ணன் மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“இன்னைக்கு ஒரு நாள் பாருங்க அத்தை. கையைப் பாக்காதீங்க. முகத்தைப் பாருங்க.”

பார்த்தாள். படியில் முதல் சத்தம் கேட்டதும் நாடகக்காரரின் விரல் மீனின் மேல் நிற்கிறது. மூன்றாவது சத்தத்தில் அவர் கண்ணை மூடுகிறார். பத்தாவது சத்தத்துக்குப் பிறகு, முள் எடுத்த துண்டை நண்பன் தட்டில் வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல, பார்த்துச் சாப்பிடு என்கிறார். அந்த நாடகக்காரர் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவர் நடித்ததிலேயே பெரிய நடிப்பு இதுதான், அது நடக்கும்போது அவள் பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள், நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தியேட்டரில் ஐந்து முறை வாய்ப்புக் கிடைத்தும் ஓடிப்போனாள். டைரக்டர் வேலையைப் பிடுங்கியது தெரியும். இந்தக் காட்சியையும் சேர்த்துத் தன்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மனதுக்குள் அவரை அவன் என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை.

விளக்குப் போட்டார்கள். சங்கத்தின் செயலாளன், மார்பு வரை தாடி வைத்த இளைஞன், டைரக்டரை மேடையேற்றிக் கேள்வி கேட்டான். வேறு எதைக் கேட்பான், கடிகாரத்தைத்தான் கேட்டான். டைரக்டர் சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டார். ஒரு நாள் விடிகாலையில் அந்த யோசனை தன்னை உலுக்கி எழுப்பியதாம். நடிகரிடம்கூடக் காரணம் சொல்லவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்னும் ஒரு ரகசியம் இருக்கிறது என்றார்.

“எல்லாரும் சாப்பாட்டு சீனை மட்டும்தான் சொல்றீங்க. அதுக்கு முன்னாடி கண்ணாடி ஷாட் வருதில்ல, அதைப் பாருங்க. அங்கயே வாட்ச் வலது கைக்கு வந்துடும். ரெண்டு சீனையும் யோசிச்சுத்தான் வெச்சேன்.”

தாடிக்காரன் அந்த ஷாட்டை எடுத்துத் திரையில் நிறுத்தினான். நாடகக்காரர் சீப்போடு எல்லோரையும் பார்த்து நின்றார். கடிகாரம் வலது கையில். அரங்கம் ஆகா என்றது. முன்வரிசையில் ஒருவன் கைதட்டவே ஆரம்பித்துவிட்டான்.

கழுகு திரையைப் பார்த்தாள். இருபது வினாடிகூட ஆகவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், அந்தச் சட்டையில பை எந்தப் பக்கம் இருக்கு?”

மைக் இல்லாமலே கேட்டது. டைரக்டர் சிரித்துக்கொண்டே, என்னம்மா என்றார். அவள் அதையே திரும்பக் கேட்டாள். அவர் தொப்பியை ஒதுக்கிக்கொண்டு திரையைத் திரும்பிப் பார்த்தார். வலது பக்கம் என்றார்.

“ஆம்பளைச் சட்டைக்குப் பையை எந்தப் பக்கம் தைப்பாங்க?”

முன்வரிசையில் கைதட்டியவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான், அடுத்தவனும் பார்த்தான். அரங்கத்தில் சட்டை போட்டிருந்த அத்தனை பேரும் ஒரு கையை இடது மார்பில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

“அது கண்ணாடி சார். வாட்ச் இடது கையிலதான் இருக்கு. வாசப்படியில நின்னு கண்ணாடியப் பாத்து வலதுன்னு எழுதினவ நான். தப்பு என்னோடது. இப்ப நீங்களும் அதே கண்ணாடியப் பாத்து வலதுங்கறீங்க. என் நோட்டைத் தண்ணியில போட்டு, எனக்கு வலது இடது தெரியாதுன்னு மூணு கம்பெனிக்குப் போன் போட்டீங்களே, அது இந்தத் தப்புக்குத்தான்.”

டைரக்டர் அவளை முதல்முறையாகப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது கழுத்து நரம்பிலேயே தெரிந்தது. அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று போன வாரம் சொன்ன வாய், இப்போது எதையோ மென்று விழுங்கியது. கையும் களவுமாகப் பிடிபட்ட ஆளை அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை. தன் பெயரை டைட்டிலில் போட வேண்டும் என்றாள். கன்டினியூட்டி என்று, தனியாக, ஒரு வரியில்.

தாடிக்காரன் இதற்குப் பிறகும் டைரக்டர் முகத்தைத்தான் பார்த்தான். சேர்த்துவிடலாமா சார் என்று மெதுவாகக் கேட்டான். நூற்றிருபது பேர் பார்க்க, மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. கைத்தடியால் தரையை ஒருமுறை தட்டினார். எப்படியாவது இந்தப் பேச்சை முடித்தால் போதும் என்பது போல உதட்டைச் சுழித்துக்கொண்டு சொன்னார்.

“போட்டுக்கோங்க, போட்டுக்கோங்க. ஒரு வாட்ச் எந்தக் கையில இருந்தா என்ன இப்போ? படம் நல்லா இருக்கா இல்லையா? இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?”

அவள் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. அண்ணன் மகள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் அவளுக்குப் பெயர் காதில் விழவில்லை, பின்னால் வந்த வார்த்தைகள்தான் விழுந்தன. உண்மைதானே. யார் பார்த்தார்கள்? முப்பது வருஷம் ஒருத்தரும் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் மேதைமை என்றார்கள். எடிட்டிங் அறையில் அன்று கோபமாகவாவது இதைச் சொல்லியிருந்தால், திட்டிவிட்டாவது சொல்லியிருந்தால், அவள் நாற்பது படங்களில் வேலை செய்திருப்பாள். வாளியிலிருந்து நோட்டை எடுத்துப் பிழிந்து உலர்த்திக்கொண்டு மறுநாளே வந்திருப்பாள்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றாள்.

தாடிக்காரன் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான்.